2 ஜிபி ராம் உள்ள பழைய ஸ்கூல் லேப்டாப், எந்த லினக்ஸ் போட்டா ஓடும்? தங்கச்சி குரூப் 4 படிக்கிறா

வந்தவாசிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் 2014ல பிளஸ் டூ படிக்கும்போது ஸ்கூல்ல அரசு குடுத்த லேப்டாப் இன்னும் வீட்ல இருக்கு, மூடியில கோபுரம் முத்திரை கூட அழியல. அப்பல்லாம் ஆன் பண்ணா விண்டோஸா, இல்ல அதுக்குப் பதிலா இலவசமா வர்ற பாஸ் லினக்ஸான்னு கேக்கும், நாங்க யாரும் பாஸ் பக்கம் போனதில்ல. நடுவுல ஒரு கடையில விண்டோஸ் 10 போட்டு வாங்கினேன். இப்ப ஆன் பண்ணிட்டு போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசா வந்திருக்காது, குரோம் திறந்து கூடவே ஒரு பிடிஎஃப் திறந்தா மவுஸ் அப்படியே நின்னுடுது.

தங்கச்சி குரூப் 4க்கு படிக்கிறா. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் சமச்சீர் புக் எல்லாம் பிடிஎஃப்பா வச்சிருக்கா, அத்தனையும் போன்ல பாத்து பாத்து கண்ணு வலிக்குதுன்னு சொல்றா, ராத்திரி தலைவலி மாத்திரை போட்டுட்டு படிக்கிறத பாக்க முடியல. அவளுக்கு வேண்டியது பிடிஎஃப் படிக்கணும், யூடியூப்ல கிளாஸ் பாக்கணும், தமிழ் டைப்பிங் லோயர் பரீட்சை எழுதப்போறா அதுக்கு வீட்ல கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்.

செலிரான் டூயல் கோர் 1.8 கிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 32 பிட்னு காட்டுது. கடையில கேட்டா இதுக்கு செலவு பண்றது வீண், 15000க்கு செகண்ட்ஹேண்ட் ஒண்ணு வாங்கிக்கோங்கன்னாங்க. இப்ப என்னால 2000க்கு மேல முடியாது. லினக்ஸ்லயே லுபுண்டு, பப்பி, மின்ட், ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எத எடுக்கன்னே தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மதுரை_சர்வீஸ்:

தம்பி, எந்த ஓஎஸ்னு அப்புறம் பேசுவோம். முதல்ல ரெண்டு விஷயம் பாத்துட்டு வாங்க.

ஒண்ணு, 32 பிட்னு எங்க பாத்தீங்க? செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள அபௌட்னு போனா சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும், அத முழுசா படிங்க. 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்னு இருந்தா உங்க ப்ராசஸர் 64 பிட்தான், ராம் கம்மியா இருக்கேன்னு மேல போட்ட விண்டோஸ் மட்டும் 32. இந்த வித்தியாசம் தெரியாம நிறைய பேர் 32 பிட் லினக்ஸா தேடி அலையிறாங்க. இப்ப 32 பிட்டுக்கு கதவெல்லாம் ஒவ்வொண்ணா மூடிட்டு வருது. குரோம் லினக்ஸ்ல 32 பிட்டை 2016லயே நிறுத்திட்டாங்க, பல லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனோட 13 ஆகஸ்ட் 2025ல வந்துச்சு அதுல 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது, ஃபயர்ஃபாக்ஸும் 145ல இருந்து கிடையாது. 64 போட முடியும்னா 64தான் போடணும்.

ரெண்டாவது ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜர் திறந்து டிஸ்க்னு இருக்குற இடத்த ஒரு பத்து நிமிஷம் பாருங்க. நான் பந்தயம் கட்டி சொல்றேன் அது 100லயே நிக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற தட்டு, ஊசி அங்கயும் இங்கயும் ஓடி ஓடி தேடுது, சிதறிக் கிடக்குற சின்ன சின்ன ஃபைலா கேட்டா நொடிக்கு நூறு சொச்சம்தான் எடுத்துக் குடுக்க முடியும். ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடுற எஸ்எஸ்டில சுத்துற பாகமே இல்ல, அது அதே நொடியில ஆயிரக்கணக்குல குடுக்கும். உங்களுக்கு ராமும் 2 ஜிபிதான், அது நிறைஞ்ச உடனே மிச்சத்த இதே டிஸ்க்குல போய் எழுதும், திரும்ப படிக்கும், அப்பதான் மவுஸ் நிக்கிறது. ப்ராசஸர் பாவம் சும்மா உக்காந்துட்டு இருக்கும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, அத ஓட்டி குட் வருதா காஷன் வருதான்னு சொல்லுங்க. காஷன்னு வந்தா முதல் வேலையா தங்கச்சியோட நோட்ஸ் எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி எடுத்து வைங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஐஸ்டபிள்யூஎம்_ரசிகன்:

மதுரை அண்ணன் சொல்றது சரி, ஆனா காசே செலவு பண்ணாம ஒரு வழி இருக்குன்னு சொல்லிடுறேன், ஏன்னா நான் ரெண்டு வருஷம் இதே 2 ஜிபில ஓட்டினவன். ஆன்டிஎக்ஸ். டெபியன் மேல கட்டினது, ஆனா க்னோம், எக்ஸ்எஃப்சிஇ மாதிரி முழு டெஸ்க்டாப் எதுவும் இல்லாம வெறும் ஐஸ்டபிள்யூஎம்ங்கிற விண்டோ மேனேஜர வச்சே ஓடுது, அதனால ஆன் பண்ணி சும்மா நிக்கும்போது என் மெஷின்ல 200, 250 எம்பிக்குள்ளதான் ராம் எடுத்துச்சு. அதே மெஷின்ல மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டப்ப 700 தாண்டிடுச்சு. 2 ஜிபில அந்த 500 எம்பி பெரிய விஷயம், ஒரு யூடியூப் டேப் அதுல உக்காந்துடும்.

ஆனா ஒண்ணு, மெனு எல்லாம் வேற மாதிரி இருக்கும், வைஃபை போடுறதுக்கே ரெண்டு மூணு இடம் காட்டும், எதாவது மாத்தணும்னா சில நேரம் ஃபைல திறந்து எழுத வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கும், ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன். பரீட்சைக்கு படிக்கிற பொண்ணுக்கு அந்த நேரம் இருக்கான்னு நீங்கதான் பாக்கணும். பென்டிரைவ்ல போட்டு லைவா ஓட்டிப் பாருங்க, டிஸ்க்குல எதுவும் மாறாது.

பப்பி லினக்ஸும் ராம்லயே ஓடுற அருமையான சரக்குதான், ஆனா தினசரி வேலைக்கு, அதுவும் தமிழ் டைப்பிங் வேணும்னா நான் சொல்லமாட்டேன்.

ரைட்_கிளிக்:

லினக்ஸ் எல்லாம் எதுக்கு ப்ரோ, விண்டோஸ் 10 லைட்னு ஐஎஸ்ஓ, அதான் இன்ஸ்டால் பண்ற ஃபைல் கிடைக்குது, தேவையில்லாதத எல்லாம் வெட்டி எடுத்துருப்பாங்க, 2 ஜிபிலயே பறக்கும். என் ஃப்ரெண்டு அதான் போட்டுருக்கான்.

மதுரை_சர்வீஸ்:

வேண்டாம் தம்பி. தயவுசெஞ்சு இத யாரும் போடாதீங்க. அது யாரோ முகம் தெரியாத ஆள் வெட்டி ஒட்டி ஏத்தின ஐஎஸ்ஓ. எத எடுத்தான்னு சொல்றான், எத உள்ள வச்சான்னு யாருக்கு தெரியும்? பெரும்பாலும் அப்டேட்டையும் வைரஸ தடுக்குற டிஃபெண்டரையும் சேத்துதான் தூக்கியிருப்பான். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது, 11 போடலாம்னா 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்னு கேக்குது, இந்த மெஷின்ல நடக்காது. இந்த பொண்ணு டிஎன்பிஎஸ்சி லாகின், ஆதார், ஃபீஸ் கட்ட பேங்க் விவரம்னு எல்லாத்தையும் இதுலதான் அடிக்கப்போகுது. என் கடைக்கு மாசம் ரெண்டு மெஷினாவது இப்படி வருது, பிரவுசர் திறந்தா அதுவா எங்கயோ போகுதுன்னு.

வந்தவாசிக்காரன்:

அண்ணா நீங்க சொன்னது அப்படியே இருக்கு. எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்னு போட்டிருக்கு, இத்தன வருஷம் 32ன்னே நினைச்சுட்டு இருந்தேன். டிஸ்க் 100லயே நிக்குது, இறங்கவே இல்ல. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல மஞ்சள் கலர்ல காஷன், ரீஅலோகேட்டட் செக்டார்னு ஒரு வரிக்கு நேரா காட்டுது. நேத்து ராத்திரியே நோட்ஸ், அம்மா அப்பா கல்யாண ஃபோட்டோ ஸ்கேன் பண்ணது எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டேன், அந்த ஃபோட்டோ இதுல மட்டும்தான் இருந்துச்சு, நினைச்சா கை நடுங்குது.

ஆன்டிஎக்ஸ் பென்டிரைவ்ல போட்டு பாத்தேன், நிஜமாவே வேகம். ஆனா தங்கச்சி கொஞ்ச நேரம் பாத்துட்டு அண்ணா இதுல எது எங்க இருக்குன்னே புரியலன்னுட்டா. இன்னொரு பிரச்சனை, எந்த சைட்டுக்குப் போனாலும் கனெக்‌ஷன் பாதுகாப்பா இல்லன்னு வருது, அது ஆன்டிஎக்ஸ் தப்பா?

மதுரை_சர்வீஸ்:

இல்ல, தேதிய பாருங்க. 2013னோ 2012னோ காட்டும். போர்டுல இருக்குற சின்ன சிமாஸ் பேட்டரி செத்துடுச்சு, கரண்டும் பேட்டரியும் போன உடனே கடிகாரம் பழைய தேதிக்கு போயிடும், சைட் அசல்தான்னு காட்டுற சர்டிஃபிகேட்டோட தேதி இனிமேதான் வரப்போகுதுன்னு பிரவுசர் நினைச்சுக்கும். சிஆர் 2032 காசு மாதிரி இருக்கும், சில லேப்டாப்ல ஒயர் வச்ச மாடல் வரும், திறக்கும்போது பாத்துட்டு வாங்குங்க. அதுவரைக்கும் தேதிய கையால மாத்திக்கலாம்.

டிஸ்க் காஷன்னு ஆயிடுச்சு, அதுல சில இடம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், இனிமே அதுல எந்த ஓஎஸ் போட்டாலும் மணல்ல கட்டின வீடுதான். 128 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, 2.5 இன்ச், சாட்டா கனெக்டர் வச்சது, போதும். திறக்கும்போதே ராம் ஸ்லாட் எத்தனன்னும், இருக்குற ராம் ஸ்டிக்கர்ல பிசி3யா பிசி3எல்லான்னும் ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க. எல் போட்டது 1.35 வோல்ட், எல் இல்லாதது 1.5. எல் போட்டது பழைய 1.5 மெஷின்லயும் பொதுவா ஓடிடும், ஆனா 1.35 மட்டுமே எடுத்துக்குற மெஷின்ல எல் இல்லாதத போட்டா ஆனே ஆகாது. கழட்டின லேப்டாப்ல இருந்து எடுத்த 4 ஜிபி கடைகள்ல கிடைக்கும், வாங்கின அன்னைக்கே ராம சோதிக்கிற மெம்டெஸ்ட் ஒரு சுத்து ஓட்டிடுங்க.

காவிரிக்கரை_டீச்சர்:

தம்பி, நானும் வேலை பாத்துக்கிட்டே குரூப் 2 படிச்சவ, எங்கிட்ட இருந்ததும் இப்படி ஒரு பழைய மெஷின்தான், அதனால உங்க தங்கச்சி என்ன கஷ்டப்படுதுன்னு எனக்கு நல்லா தெரியும். போன் திரையில வரலாறு புக் படிச்சா பக்கம் மனசுல நிக்காது, பெரிய திரையில இடது பக்கம் மேல அந்த பெட்டிக்குள்ள இருந்துச்சேன்னு ஞாபகம் வரும்.

எஸ்எஸ்டி போடுறதா இருந்தா யோசிக்காம லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ எடுங்க. மின்ட்ல சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு இருக்கு, உங்களுக்கு மூணாவது. அவங்களே குறைஞ்சபட்சம் 2 ஜிபி, வசதியா இருக்க 4 ஜிபின்னுதான் சொல்றாங்க. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், அதுக்குள்ள தங்கச்சி வேலைக்கே போயிருப்பா. கீழ இடது மூலையில மெனு, வலது மூலையில வைஃபை, விண்டோஸ்ல எங்க இருக்குமோ அங்கேயே இருக்கும், கத்துக்க ஒரு சாயங்காலம் போதும்.

தமிழுக்கு நான் பண்ணது சொல்றேன். சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ்-எம்17என்னு தேடி போடுங்க, இன்புட் மெத்தட்ல ஐபஸ்ஸ தேர்ந்தெடுத்துட்டு ஒரு தடவ லாகவுட் பண்ணிட்டு வந்தா ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ்னு ஒரு வரிசையே வரும். தமிழ் 99 இருக்கு, ஃபொனெடிக் இருக்கு, டைப்ரைட்டர்னும் ஒண்ணு இருக்கு. லோயர் எழுதுற பொண்ணுன்னா அந்த டைப்ரைட்டர்தான் எடுக்கணும், விரல் பழகின இடத்துலயே எழுத்து வரும். இன்ஸ்டிடியூட்ல மெஷின்ல அடிக்கிற அழுத்தம் இதுல வராது, அதனால இன்ஸ்டிடியூட் போறத விட்டுடச் சொல்லாதீங்க, வீட்ல எழுத்து இடம் ஞாபகம் வச்சுக்க மட்டும் இது. தெரிஞ்சவங்க அனுப்புற பழைய வேர்ட் ஃபைல் சிலது திறந்தா எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கலைஞ்சு தெரியும், அது ஃபைல் கெட்டுப்போனதில்ல, வானவில், பாமினி மாதிரி, இப்ப எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற யூனிகோடுக்கு முந்தின எழுத்துருல அடிச்சது. அந்த எழுத்துரு ஃபைல வாங்கி டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா சரியாயிடும்.

பிடிஎஃப்புக்கு மின்ட் கூட வர்ற ரீடர் நல்லாதான் இருக்கு, ஆனா ஸ்கேன் பண்ண கனமான புக்குன்னா மியூபிடிஎஃப் போடுங்க. பட்டனே இல்லாம வெறும் பக்கம் மட்டும் தெரியும், பயப்படாதீங்க, 145ன்னு அடிச்சு ஜி அழுத்தினா 145ஆம் பக்கம் வந்து நிக்கும், பெரிய டபிள்யூ அழுத்தினா அகலத்துக்கு பக்கம் விரியும். எனக்கு இந்த ரெண்டே போதுமா இருந்துச்சு.

யூடியூப் கிளாஸ் திக்கித் திக்கி வந்தா எச்264இஃபைன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, பிரவுசர்ல போடுங்க. யூடியூப் இப்ப வீடியோவ பெரும்பாலும் விபி9ங்கிற முறையில சுருக்கி அனுப்புது, உங்க மாதிரி பழைய இன்டெல் கிராஃபிக்ஸ்ல அத பிரிக்கிற வசதி சிப்லயே இல்ல, அந்த பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில விழும். எச்264ங்கிற பழைய முறையில கேட்டு வாங்கினா பாரம் நல்லா குறையும். 480பி வச்சாலே போர்டுல எழுதுறது தெளிவா தெரியும்.

குமரிஅலை:

குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் யாரும் சொல்லலையே? 2022ல கூகுள் பழைய மெஷினுக்குன்னே குடுத்தது.

ஐஸ்டபிள்யூஎம்_ரசிகன்:

அதுக்கு 4 ஜிபி ராம் கேக்குது சகோ, அப்புறம் அதுல பிளே ஸ்டோர் ஆப் எதுவும் வராது, நெட் இல்லன்னா பாதி வேலை நின்னுடும். வந்தவாசி பக்கம் சாயங்காலம் நெட் எப்படின்னு அவர்தான் சொல்லணும். மத்தபடி டீச்சர் சொன்னதுக்கு நானும் ஓட்டு போடுறேன், எஸ்எஸ்டி வந்துட்டா என் ஆன்டிஎக்ஸ் வாதம் பாதி அடிபட்டுடுது. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கங்க, ராம் ஏத்துற வரைக்கும் இசட்-ராம் போடுங்க, ராம்லயே ஒரு பங்க ஒதுக்கி அதுக்குள்ள சுருக்கி சுருக்கி வைக்கும், டிஸ்க்குக்கு ஓடுறது குறையும்.

வந்தவாசிக்காரன்:

பதினோரு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, சம்பளம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சு.

128 ஜிபி எஸ்எஸ்டி 1450 ரூபாய்க்கு கிடைச்சுது. பின்னாடி திறந்தா ஃபேன்ல தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சுக் கிடந்துச்சு, பெயின்ட் பிரஷ் வச்சு மெதுவா எடுத்தேன். ராம் ஸ்லாட் ரெண்டு, ஒண்ணு காலி, இருக்குறது பிசி3எல். ஆரணியில ஒரு கடையில கழட்டி வச்சிருந்த 4 ஜிபி 450க்கு வாங்கிட்டேன், மெம்டெஸ்ட் ராத்திரி பூரா ஓடுச்சு ஒரு பிழையும் இல்ல. ஆக 6 ஜிபி. சிமாஸ் பேட்டரி 40 ரூபா. மொத்தம் 1940.

பென்டிரைவ்ல இருந்து ஓஎஸ் ஏத்த உதவுற வென்டாய் வச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல மின்ட் போட்டு இன்ஸ்டால் பண்ணேன், அரை மணி நேரம்கூட ஆகல. வைஃபை வரல. அங்கதான் கொஞ்சம் பதறிட்டேன், அப்புறம் தேடினா பிராட்காம் சிப்புக்கு டிரைவர் தனியா இறக்கணுமாம், நெட் இல்லாம டிரைவர் எப்படி இறக்குறதுன்னு தெரியாம உக்காந்திருந்தப்ப தங்கச்சிதான் போன ஒயர்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் போட்டு போன் நெட்ட லேப்டாப்புக்கு குடுத்தா. டிரைவர் மேனேஜர் திறந்த உடனே அதுவே கண்டுபிடிச்சு காட்டுச்சு, டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன், வந்துடுச்சு. இந்த விஷயம் வேற யாருக்காவது உதவும்னுதான் விவரமா எழுதுறேன்.

முன்னாடி அஞ்சு நிமிஷம் ஆனது இப்ப 35 நொடி, போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தேன். எச்264இஃபை போட்டு 480பில கிளாஸ் ஓடுது, பக்கத்துல மியூபிடிஎஃப்ல பத்தாவது சமூக அறிவியல் திறந்து வச்சிருக்கா, ரெண்டும் சேந்து ஓடுது. டைப்ரைட்டர் கீபோர்டும் வந்துடுச்சு டீச்சர், முதல் நாள் எழுத்து சரியா விழுதான்னு ஒவ்வொரு விரலா வச்சு பாத்தா, அப்புறம் வேகம் பிடிச்சுட்டா. அப்பா வந்து பாத்துட்டு இது நம்ம பழைய லேப்டாப்பான்னு ரெண்டு தடவ கேட்டார்.

பேட்டரி மட்டும் பத்து நிமிஷம்தான் நிக்குது, சார்ஜர்லயே போட்டு வச்சிருக்கோம், அது அடுத்த மாசம். அப்புறம் ஒரு சின்ன சந்தேகம், டச்பேட்ல லேசா தட்டினா கிளிக் ஆகமாட்டேங்குது, கீழ இருக்குற பட்டனத்தான் அழுத்த வேண்டியிருக்கு. எங்க மாத்துறது?

காவிரிக்கரை_டீச்சர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மெனுல மவுஸ் அண்ட் டச்பேட்னு இருக்கும், திறந்து மேல டிவைஸ்ங்கிற இடத்துல டச்பேட தேர்ந்தெடுத்தா தட்டினா கிளிக் ஆகுற மாதிரி ஒரு டிக் பாக்ஸ் வரும், அத போட்டுடுங்க. தங்கச்சிக்கு என் பழைய பொதுத்தமிழ் நோட்ஸ் வேணும்னா சொல்லுங்க, யூனிகோடுலதான் அடிச்சு வச்சிருக்கேன், அப்படியே திறக்கும்.

மதுரை_சர்வீஸ்:

பழைய ஹார்ட் டிஸ்க்க தூக்கிப் போட்டுடாதீங்க, அதே நேரம் அதுல எதையும் நம்பி வைக்கவும் வேண்டாம். கல்யாண ஃபோட்டோ இப்ப ரெண்டு இடத்துல இருக்கா?

வந்தவாசிக்காரன்:

பென்டிரைவ்ல ஒண்ணு, எஸ்எஸ்டில ஒண்ணு, இன்னைக்கு அக்கா போனுக்கும் அனுப்பிட்டேன் அண்ணா. டச்பேட் சரியாயிடுச்சு டீச்சர், நோட்ஸ் கண்டிப்பா வேணும், தங்கச்சி பக்கத்துல உக்காந்துட்டு கேக்க சொல்றா.